சிவப்பு அம்பும் செத்த நுரையும்

அத்தியாயம் 6

துப்பறிவாளர் பரந்தாமன் தன் வாழ்நாளில் ஓடிப்போன மாப்பிள்ளைகளைத் தேடியிருக்கிறார். ஓடிப்போன மாப்பிள்ளையோடு சேர்ந்து காணாமல் போன பைக்கைத் தேடியிருக்கிறார். ஒருமுறை குடியாத்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் மறைத்து வைத்திருந்த முதல் மனைவியைக் கண்டுபிடிக்கப் போய், வழி கேட்ட வீட்டில் அவள் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லித் திரும்பியும் வந்திருக்கிறார். ஆனால் நுரையைத் தேடிப் போனது இதுதான் முதல் தடவை.

ஆம்பூரில் நசீர் அகமதுவின் ஷூ கம்பெனி. விருந்தினர் அறையின் நீள மேசையில் ஒல்லியான, காம்பு வைத்த கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக நின்றன. பளபளப்பென்றால் அப்படியொரு பளபளப்பு. பரந்தாமன் ஒன்றில் முகம் பார்த்துத் தலைகூட வாரிக்கொண்டார். கேன்டீன் மாஸ்டர் டேனியல் அதில் பாதி ஆரஞ்சு ஜூஸ் ஊற்றி, மேலே சோடாவைச் சாய்த்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். நுரை படுத்துவிட்டது.

"சார், இது மிமோசா இல்ல. மஞ்சத் தண்ணி ஊத்துனதுல மிஞ்சுனது" என்றாள் ஷர்மிளா. காட்பாடியில் மாடிப்படிக்குக் கீழே இயங்கும் 'பரந்தாமன் துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளர் அவள்தான். சம்பளம் தாமதமாகும் மாதங்களில் அவள் வாய் நீளும். இது அப்படிப்பட்ட மாதம்.

பரந்தாமன் அந்தக் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆதாரத்தை அழிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். தாகம் அதைவிடப் பழைய விதி.

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து பிரிகிட்டே என்ற பயர் அம்மாள், அதாவது ஷூக்களை மொத்தமாக வாங்குகிறவர், அன்று காலை பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. போன கப்பலில் போன ஷூக்களில் கோணல் தையல் இருந்தது என்று அவர் கம்பெனிக்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அடுத்த ஆர்டர் உண்டா இல்லையா என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யத்தான் வருகிறார். வந்த மெயிலில் "பிரஞ்ச் போதும்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார் மார்க்கெட்டிங் மேனேஜர் பிரேம்குமார். ஐரோப்பாவில் ஒரு தோல் கண்காட்சிக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தமிழ் கொஞ்சம் மறந்திருந்தது. பிரஞ்ச் என்றால் நாஷ்டாவும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, பதினோரு மணி வாக்கில் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது என்று அவர் கேன்டீன்காரர்களுக்கு வகுப்பெடுத்தார். ஆம்பூரில் அந்த நேரத்துக்குப் பிரியாணி தம் உடைப்பார்கள். அதற்குப் பசி என்றுதான் பேர் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த டேனியல், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லேட்டா எழுந்தவன் துன்ற நாஷ்டான்னு சொல்லுங்க" என்று சொல்லித் தொலைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிரேம்குமார் சிரிக்கவில்லை.

மிமோசா இல்லாமல் பிரஞ்ச் இல்லை என்பது பிரேம்குமாரின் அடுத்த கண்டுபிடிப்பு. அந்தப் பேரைக் கேட்டு, ஸ்டோரிலிருந்து தோல் பதனிடும் மிமோசாத் தூள் ஒரு மூட்டை கேன்டீன் வாசலில் வந்து இறங்கியதையும், அதைத் திருப்பி அனுப்ப கேட் பாஸ் எழுத வேண்டி வந்ததையும் இங்கே விட்டுவிடலாம். உண்மையில் அது பாதி ஆரஞ்சு ஜூஸ், பாதி ஷாம்பெய்ன். ஐந்து வேளைத் தொழுகை தவறாத நசீர் அகமது, ஷாம்பெய்னின் வாசனைகூடத் தன் கேட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, சோடா ஊற்றுவோம், நுரைதானே முக்கியம் என்றார் பிரேம்குமார்.

அந்த நுரைதான் வரவில்லை. மூன்று நாள், மூன்று ஒத்திகை, மூன்று தடவையும் மஞ்சள் தண்ணீர். கேலி பேசிய டேனியல்தான் வேண்டுமென்றே சோடாவை முன்னாடியே திறந்து வைத்துக் காற்றுப்போக விடுகிறார் என்று பிரேம்குமார் முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி ஒரே வரியில் முடித்தார். பயர் வரும்போது கிளாஸில் நுரை இல்லையென்றால் டேனியல் வீட்டுக்குப் போகலாம். கையோடு, நுரையைக் கொல்வது யார் என்று கண்டுபிடிக்கக் காட்பாடிக்கு ஆள் அனுப்பினார்.

மனைவி இறந்தபிறகு டேனியலுக்கு வீடு என்று தனியாக ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. கேன்டீன்தான் வீடு. அதனால் அவர் கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிப்போய் மேசையோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க, குடித்த மிமோசா பரந்தாமன் நெஞ்சில் நின்றது.

முதல் சந்தேகம் சோடா மேல் விழுந்தது. சோடாக்கார சர்தார் பாஷா மொபெட்டில் ஒரு கிரேட்டைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தன் சோடாவில் காற்று கம்மி என்று ஆம்பூரில் இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை என்றும், சொல்கிறவனை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளக் கூப்பிடுவேன் என்றும், ஆனால் உட்காரத் தனக்கு நேரம் இல்லை என்றும் படபடத்தார்.

"டேனியல் என் தோஸ்த்து. அவனுக்குப் போய் காத்துப்போன சோடா குடுப்பனா? நீயே குடிச்சுப் பாரு சாமி" என்று கட்டைவிரலால் ஒரு கோலியை உள்ளே தள்ளி நீட்டினார்.

பரந்தாமன் முழு பாட்டிலையும் குடித்தார். அவர் கண்கள் லேசாகக் கலங்கின. அப்புறம் வந்தது அந்த ஏப்பம். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி, முதலாளி கார் வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து சல்யூட் அடித்தார்.

"சோடா நிரபராதி" என்று ஷர்மிளா தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்து ஜூஸ். ஷர்மிளா தன் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஜூஸும் கொஞ்சம் சோடாவும் கலந்தாள். நுரை பொங்கி வழிந்து அவள் துப்பட்டாவை நனைத்தது. ஆக ஜூஸும் நிரபராதி. இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் ஒழுக்கமாகத்தான் நடந்துகொண்டன. கிளாஸுக்குள் போனால் மட்டும் செத்தன.

இந்த இடத்தில் வேறு எந்தத் துப்பறிவாளரும் கிளாஸைச் சந்தேகித்திருப்பார். பரந்தாமன் ஏசியைச் சந்தேகித்தார். மூடியில் கலந்தது வாசலோரம், கிளாஸில் கலந்தது ஏசிக்கு நேர் கீழே. குளிர்காற்று மேலிருந்து அமுக்குவதால் நுரை எழும்ப முடியவில்லை என்பது அவர் கணக்கு. அதை அவர் சொன்ன விதத்தில் பிரேம்குமார்கூடத் தலையாட்டிவிட்டார். ஏசியை அணைத்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். பாலாற்றுப் பக்கத்து வெயில் முழுக்க உள்ளே வந்து உட்கார்ந்தது. நால்வரும் வியர்வையில் நனைந்து நிற்க, டேனியல் மறுபடி ஊற்றினார்.

புஸ். படுத்துவிட்டது.

"இப்ப நமக்குத்தான் சார் நுரை தள்ளுது" என்றாள் ஷர்மிளா.

திறந்த ஜன்னலால் ஒரே ஒரு நன்மை விளைந்தது. ஓர் ஈ உள்ளே வந்தது. ஆரஞ்சு வாசனைக்கு நேராகப் பறந்துபோய் ஒரு கிளாஸின் விளிம்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் வழுக்கியது. நிதானித்துக்கொண்டு கிளாஸின் பக்கவாட்டைப் பிடிக்கப் பார்த்தது. அதிலும் வழுக்கி, சறுக்குமரத்தில் இறங்கும் குழந்தை மாதிரி காம்பு வரை வந்து சேர்ந்தது. ஒரு நிமிஷம் அவமானத்தோடு மேசைமேல் நின்றுவிட்டுப் பறந்துபோனது.

மாப்பிள்ளை விசாரணையில் பரந்தாமன் கற்ற பாடம் ஒன்று உண்டு. அளவுக்கு மீறிப் பளபளக்கிற இடத்தில் என்னவோ பூசியிருக்கிறார்கள். அவர் விரலால் கிளாஸைத் தடவினார். விரல் நிற்கவில்லை. வெண்ணெய் மேல் வெண்ணெய் போல ஓடியது. பிறகு தன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் கொஞ்சம் வழவழப்பாக இருந்த மாதிரிதான் தோன்றியது.

"மூணு நாளா யார் இதை ருசி பார்த்தது?" என்று மெல்லக் கேட்டார்.

ருசி பார்த்தவர் பிரேம்குமார். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஆக்சுவலி தனக்கு ஒரு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே போனார். மூன்று நாளாக அதே வேலையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார் என்று செக்யூரிட்டி பின்னால் சாட்சி சொன்னார்.

பக்கத்து அலமாரி மேல் இன்னொரு கிளாஸ் இருந்தது. டேனியல் அதில் பல்குத்தும் குச்சிகளைப் போட்டு வைத்திருந்தார். அதே ஜாதிக் கிளாஸ்தான், ஆனால் பளபளப்பு இல்லை. விளிம்பில் அரிசிமணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, நகக்கண் அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஷர்மிளா குச்சிகளைக் கொட்டிவிட்டு அதில் ஜூஸையும் சோடாவையும் ஊற்றினாள்.

நுரை எழுந்தது. விளிம்பு வரை எழுந்து, வழிந்து, அவள் விரல் வழியாக இறங்கியது. டேனியல் அதை மாதா சொரூபத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி பரந்தாமன் அந்த அம்பை உற்றுப் பார்த்தார். ஷூ கம்பெனியில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. ஷூவில் தையல் கோணினால், தோலில் கீறல் இருந்தால், பசைப் பிசுக்கு நின்றால், செக்கிங் செய்கிறவர் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டித் தனியே வைத்துவிடுவார். அம்பு ஒட்டிய ஷூவுக்குக் கடைசிப் பாலிஷ் கிடையாது. தள்ளிவிட்ட பொருளுக்கு யாராவது பளபளப்பு ஏற்றுவார்களா?

"ஷூவைத் துடைக்கிற ஒரு கை இந்தக் கிளாஸையும் துடைச்சிருக்கு ஷர்மிளா. பழக்க தோஷம். உடைஞ்சதுக்கு அம்பு. நல்லதுக்குப் பாலிஷ்."

"நீங்க குடிச்சது ஷூ பாலிஷா சார்?"

"பாலிஷுக்கு மேல போடற ஷைனர்" என்று டேனியல் தாழ்ந்த குரலில் திருத்தினார்.

கிளாஸ்களை யார் துடைக்கிறார்கள் என்று அவரைக் கேட்டார்கள். சாயந்திரம் தானே கழுவி அலமாரியில் வைப்பதாகவும், காலையில் பார்த்தால் வைத்ததைவிட மின்னுவதாகவும் சொன்னார். உசந்த ஜாதிக் கண்ணாடி போலிருக்கிறது, தானாக மின்னுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். சாப்பாடு போட்டே பழகிய மனுஷன். தனக்கு ஒருத்தர் எதையாவது செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பயர் வாணியம்பாடியைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்தது. இனி அரைமணி நேரம்கூட இல்லை.

ஃபினிஷிங் ஹாலில் நீள மேசைகளுக்கு இருபுறமும் தொப்பி போட்ட பெண்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். தோல் வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து அடித்தன. எல்லார் கையிலும் ஸ்பாஞ்சு. எல்லார் பக்கத்திலும் ஷைனர் டப்பா. எல்லார் மேசையிலும் சிவப்பு அம்புச் சுருள். ஷர்மிளா உதட்டைப் பிதுக்கினாள். இத்தனை பேரை எப்படி விசாரிப்பது, ஒவ்வொருத்தரையும் ஈயை விட்டுப் பார்ப்பதா என்று கேட்டாள்.

பரந்தாமன் யாரையும் கிளாஸைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மாப்பிள்ளை விசாரணைக்காரர். வரிசையோடு நடந்தபடி, தெரியாத ஊரில் சம்பந்தம் விசாரிக்கும் பவ்யத்தோடு, கேன்டீன் டேனியல் ஆள் எப்படி என்று மட்டும் கேட்டார். டேனியல் அண்ணனா, தங்கமான மனுஷன் என்றாள் முதல் பெண். டேனியல் அண்ணன் போடும் டீக்காகத்தான் வேலைக்கே வருகிறேன் என்றாள் அடுத்தவள். நல்ல அண்ணன், பாவம் அண்ணன், எங்க அண்ணன் என்று வரிசை முழுக்க அண்ணன் மயமாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி மேசையில், ஃபைனல் செக்கிங் என்று பலகை தொங்கிய இடத்தில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஒரு ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேர் பங்கஜம் என்று அட்டை சொன்னது. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார் பரந்தாமன்.

ஷூ அப்படியே நின்றது. "அவருக்கு இன்னா ஆச்சு?" என்றார் பங்கஜம்.

பரந்தாமன் ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனியே அண்ணன் என்கிற ஆளை ஒரே ஒரு பெண் மட்டும் 'அவரு' என்கிறாள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கைரேகை கிடையாது.

கிளாஸைப் பற்றிக் கேட்டதும் பங்கஜம் மறைக்கவில்லை. இந்தக் கம்பெனிக்குள் வருகிற, போகிற எந்த அட்டைப்பெட்டியும் தன் மேசையைத் தாண்டித்தான் போகும் என்றும், கிளாஸ் பெட்டியும் அப்படித்தான் வந்தது என்றும், வழக்கம்போலப் பிரித்துச் செக் பண்ணி, பழுதானதை ஒதுக்கி, நல்லதுக்கு ஷைனர் போட்டு அனுப்பியதாகவும் சொன்னார். வெளியே மட்டுமா என்றாள் ஷர்மிளா. ஷூ என்றால் உள்ளேயும் துடைக்க வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"ஒரு தடவைதான் போட்டீங்களா?"

பங்கஜம் ஸ்பாஞ்சைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத நாளு நுரை வர்லன்னு மேனேஜர் அவரைக் கத்துனாரு. எல்லார் எதிர்லயும். எனக்கு மனசு கேக்கல. நுரை வராட்டிப் போவுது, கிளாஸாவது மின்னுச்சுன்னா அவருக்கு ஒரு பேரு கெடைக்குமேன்னு சாயந்திரம் போய் இன்னொரு கோட்டு குடுத்தேன். மறுநாளும் கத்துனாங்க. அன்னிக்கு ரெண்டு கோட்டு."

பரந்தாமன் இருமினார். ஷர்மிளா தரையைப் பார்த்தாள். சொல்லித்தான் ஆகவேண்டும். வழவழப்பு ஏறினால் நுரை நிற்காது என்பதையும், மூன்று நாளாக நுரையைக் கொன்றது எது என்பதையும் எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். ஒரு பெண்ணிடம் அவள் பார்த்த மாப்பிள்ளை சரியில்லை என்று சொல்லும்போதுகூட அவர் இத்தனை சிரமப்பட்டதில்லை.

பங்கஜம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து, முதலாளி ரூமுக்குப் போகிறேன் என்றார்.

"அப்புறம் போலாம்மா. நீங்க ஒதுக்குன கிளாஸு அந்த ஒண்ணுதானா?"

"ரிஜெக்ட் ரேக்ல இன்னும் ஏழு கெடக்குது. ஒண்ணுல காத்துக் குமிழி, ஒண்ணு காம்பு கோணல். அதை ஏன் கேக்கறீங்க?"

ஷர்மிளா ஓடிப்போய் ரேக்கைத் திறந்தாள். ஏழு கிளாஸ்கள் தூசியோடு, அம்போடு, ஒரு சொட்டு ஷைனரும் படாமல் நின்றன. விருந்துக்கு உட்காரப் போவது ஐந்து பேர். டேனியலின் வேலை அந்த ரேக்கில் இருந்தது. அவள் கை நீட்டவும் பங்கஜம் குறுக்கே வந்து நின்றார்.

"ரிஜெக்ட் பீஸு. பயர் முன்னாடி வைக்க மாட்டேன்."

அவசரத்தை விளக்கினார்கள். டேனியலின் வேலை போய்விடும் என்றார்கள். பங்கஜத்தின் கண் நிறைந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. போன கப்பலில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். கோணல் தையல் விழுந்த ஷூக்களுக்கெல்லாம் அவர் அம்பு ஒட்டித்தான் வைத்திருந்தார். கப்பல் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, அம்புகளைப் பிய்த்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். பிய்க்கச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவர் பிய்த்தார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

கேட் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. பங்கஜம் ரேக்கைப் பார்த்தார், கேன்டீன் பக்கம் பார்த்தார், தன் விரல் நகங்களைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா அம்பைப் பிய்க்கக் கூடாது. இதுல தப்பு இருக்குதுன்னு தெரிஞ்சு குடிக்கணும். தெரியாம குடுக்கறதுதான் தப்பு."

விருந்தினர் அறையில் நசீர் அகமது தொப்பியைச் சரிசெய்தபடி நின்றிருந்தார். குற்றவாளி யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், நான்தான் மொதலாளி என்றார் பங்கஜம். அதே நொடியில், நான்தான் தொடைக்கச் சொன்னேன் என்றார் டேனியல். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பங்கஜம் திரும்பி அவரை முறைத்தார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வாக்குமூலம்கூட வாங்கியிராத பரந்தாமனுக்கு ஒரே மூச்சில் இரண்டு கிடைத்தன. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

பிரிகிட்டே அம்மாள் ஆறடி உயரம். முகத்தில் சிரிப்பில்லை. உட்கார்ந்ததும் டேனியல், தண்ணீரில் அலசி வைத்த கிளாஸில் ஜூஸை ஊற்றி, சோடாவைச் சாய்த்தார். நுரை கிளுகிளுவென்று எழுந்து விளிம்பில் வந்து நின்றது, நின்றபடியே நின்றது. டேனியல் மூச்சு விட்டார். அப்போதுதான் பாத்ரூமிலிருந்து திரும்பிய பிரேம்குமார் கிளாஸில் இருந்த சிவப்பு அம்பைப் பார்த்தார். அவர் முகம் மறுபடி பாத்ரூமுக்குப் போகிற முகமாக மாறியது.

அந்த அம்மாளும் அம்பைப் பார்த்துவிட்டார். ஷூ வாங்குகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் அந்த அம்பு ஒன்றைத்தான் சொல்லும். கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அம்பு காட்டிய இடத்தில் கண்ணைக் கொண்டுபோனார். கண்ணாடிக்குள் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி. நகத்தால் அதைத் தட்டினார். பிறகு பக்கத்துக் கிளாஸை இழுத்து அதன் அம்பைப் பார்த்தார். கோணல் காம்பு. அடுத்தது. விளிம்புச் சில்லு. இதையெல்லாம் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்.

நசீர் அகமது பங்கஜத்தைக் கை காட்டினார். பிறகு ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பித்தார். போன கப்பல் ஷூக்களிலும் இந்த அம்மா அம்பு ஒட்டியிருந்தார்கள். அதைப் பிய்க்கச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

பிரேம்குமார் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆர்டர் போயிற்று என்று அவர் உதடு அசைந்தது.

பிரிகிட்டே அம்மாள் ஒரு வாய் குடித்தார். மேலுதட்டில் நுரை மீசை. அதைத் துடைக்காமலே நாலு வரி பேசினார். பிரேம்குமார் அதைக் கேட்டு, நம்பாமல், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, கடைசியில் மறந்திருந்த தமிழ் முழுக்கத் திரும்பி வந்தவராக மொழிபெயர்த்தார்.

"ஆர்டர் உண்டாம். ஆனா இந்தம்மா ஒட்ன அம்பை யாரும் பிய்க்கக் கூடாதாம், மொதலாளியா இருந்தாலும். அப்புறம்... இன்னொரு கிளாஸு வேணுமாம்."

டேனியல் சோடாவைத் தேடி ஓடினார். நாளைக்குக் காலை டீயில் சர்க்கரை கம்மியாகப் போடு, எனக்கு ஜாஸ்தியாகிவிட்டது என்று நசீர் அகமது அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார். அவருக்கு மன்னிப்பு அவ்வளவுதான் கேட்க வரும்.

கேன்டீன் வாசலில் பங்கஜமும் டேனியலும் எதிரெதிரே நின்றார்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று பங்கஜம் கேட்டார். ஏன் துடைத்தீர்கள் என்று டேனியல் திருப்பிக் கேட்டார். கேள்விகள் இரண்டும் அப்படியே நின்றன. பங்கஜம் அவரைத் தலையிலிருந்து கால் வரை, ஒரு ஷூவைப் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தார்.

"காலரு நைஞ்சிருக்கு. ஷேவிங்கு ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மி." கை தன்னையறியாமல் அம்புச் சுருளுக்குப் போனது. பிறகு அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "பரவால்ல. செக்கிங்ல பாஸு."

ஆம்பூர் ஸ்டேஷனில் காட்பாடிக்குப் போகும் ரயிலுக்காக நிற்கும்போது, பிளாட்பாரத்தில் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பரந்தாமனுக்குப் பட்டது. புகழ் இவ்வளவு சீக்கிரம் பரவிவிட்டதே என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் தோளைத் தட்டிச் சொன்னார், முதுகில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று.

எட்டித் தடவிப் பார்த்தார். காலருக்குக் கீழே ஒரு சிறிய அம்பு. கூர்முனை மேலே, அவர் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஷர்மிளா தண்டவாளத்தை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏசி நுரையை அமுக்குதுன்னு சொன்னீங்கல்ல சார்" என்றாள், திரும்பாமலே.

பரந்தாமன் நகத்தை அம்பின் ஓரத்தில் கொடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டார். ரயில் வந்தது. அம்போடு ஏறினார்.